உன் அப்பா சொல்லாத பதினொரு சேதிகள்

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். பேனா மறுத்துவிட்டது. ஆகவே அன்பில்லாத, மெல்பேர்ன் மாநகரில் வீற்றிருந்து தொலைபேசி எடுக்காத என் பெறாமகனுக்கு, ஒஸ்லோவின் கிழக்குப் பள்ளத்தாக்கில், குரோருட் என்னும் திருநகரின் நான்காம் மாடியிலிருந்து, பனியையும் பேருந்தையும் ஒருசேர அடக்கி ஆளும் உன் சித்தப்பன் எழுதுவது. நலம் விசாரிக்க மாட்டேன். இரண்டு மாதமாக நான் உனக்கு எடுத்த அழைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இங்குள்ள மலையெல்லாம் அதற்குக் கீழே மேடாகிவிடும். ஒன்றையாவது எடுத்தாயா? சித்தியின் கைபேசியில் எடுத்தால் மட்டும் தேனாக ஒழுகுகிறாய். என் தொண்டைச் செருமல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இதை நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்குக் கொடுக்கிறேன். நீ படிக்காவிட்டால் போ. ஒஸ்லோவிலும் திராமனிலும் உள்ள அத்தனை தமிழ் வீட்டிலும் படிப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மெல்பேர்னில் ஒரு மச்சானோ மச்சாளோ உண்டு. இங்கே பொங்கல் பானை இறங்குவதற்குள் அங்கே யாராவது உன் கதவைத் தட்டி இதை வாசித்துக் காட்டுவார்கள். தப்பமாட்டாய்.

என் கோபத்தைக் கிளறியது, கிறிஸ்துமசுக்கு முன் நீ ஊருலகத்துக்கெல்லாம் அனுப்பிய ஆண்டுக் கடிதம். மலரைப் படிக்கும் வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: நோர்வேக்காரருக்கு ஒரு பழக்கம். டிசம்பர் வந்தால் அந்த வருடம் வீட்டில் நடந்ததையெல்லாம் ஒரே கடிதமாக எழுதி, படியெடுத்து, உறவுக்கும் நட்புக்கும் அனுப்புவார்கள். பிள்ளைக்குப் பல் முளைத்தது, நாய் செத்தது, மலையிலுள்ள மரவீட்டுக்குச் சிவப்பு வர்ணம் அடித்தது, எல்லாம் அதில் இருக்கும். நான் இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வருடமே அதைப் பிடித்துக்கொண்டேன். என் கடிதத்தில் ஒரு பிடி உண்மையும் ஒரு லொறி புளுகும் இருக்கும். 'என் பேருந்தில் ஏறிய கிழவி எனக்குக் காலுறை பின்னித் தந்தாள், அதைக் கேள்விப்பட்டு அரசர் மூன்று நாள் சாப்பிடவில்லை' என்கிற ரகம். ஒன்பது வயதில், தாயில்லாத பிள்ளையாக, ஒரு சின்னப் பையுடன் நீ இங்கே வந்து இறங்கிய வருடம் 'எங்கள் அரண்மனைக்கு ஓர் இளவரசர் வந்திருக்கிறார், மீன் உருண்டையை வெறுக்கிறார்' என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை நீ பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாய் என்று சித்தி பிறகு சொன்னாள். ஆகவே ஆண்டுக் கடிதம் எழுத உனக்குக் கற்றுக்கொடுத்த பாவி நான்தான். அந்த மாணவன் இந்த வருடம் எழுதியதைப் பார்!

'ஆஸ்திரேலியாவிலும் உலகிலும் 2009: மறக்க முடியாத ஓர் ஆண்டு.' தலைப்பே தொலைக்காட்சிக்காரனிடம் களவெடுத்தது. பெப்ரவரியில் காட்டுத்தீ, எரிந்த ஊர்கள். பிறகு பன்றிக் காய்ச்சல். பிறகு உலகமே ஆடிய ஒரு பாடகரின் மரணம். செப்டெம்பரில் சிட்னியின் வானம் செம்மண் தூசியால் சிவந்துபோன காலை. அதற்கு முழுதாக ஐந்து வரி. டிசம்பரில் எங்கள் ஒஸ்லோவுக்கே வந்து சமாதானப் பரிசு வாங்கிய பெரிய மனிதர். மே மாதத்துக்கு ஒரு வரி: 'மே மாதம் எங்கள் எல்லோருக்கும் கடினமாக இருந்தது.' கடினமாக இருந்ததா? கடினமாக இருப்பது கணக்குப் பரீட்சையடா! கடினமாக இருப்பது பல்லுக்கு இறங்காத பழைய பாண்! நம் சனம் கடற்கரை மணலில் குழி தோண்டி ஒளிந்திருந்த மாதத்துக்கு நீ போட்ட சொல் அதுதானா? கீழே வந்தால், 'அப்பா நலம். சித்தி அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது.' அவ்வளவுதான். தேடித் தேடிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சிட்னியின் தூசிக்கு ஐந்து வரி. உன்னைத் தோளில் சுமந்து பனியில் நடந்தவனுக்கு அரை வரி இல்லை.

ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். சங்கம் முழுவதற்கும் தெரியட்டும். நான் உனக்குப் பொய் சொன்னேன். ஒன்றல்ல, பதினொன்று.

உன் அப்பா, என் அண்ணர், கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். தந்தி அடிப்பவர்போலப் பேசுவார். சொல்லுக்கு இவ்வளவு என்று யாரோ அறவிடுவதாக நினைப்பு. அவர் சேர்ந்தாற்போல் ஏழு சொல் பேசி நான் கேட்டதில்லை. ஜனவரியில் சண்டை ஊருக்குள் வந்ததும் அவருடைய தொடர்பு அறுந்தது. நீ ஞாயிறு தோறும் தொலைபேசி எடுத்து ஒரே கேள்வி கேட்டாய். "சித்தப்பா, அப்பா எடுத்தவரே?" இரண்டு ஞாயிறு "இல்லை மோனை" என்றேன். மூன்றாம் ஞாயிறு நீ சொன்னாய்: "நான் வேலையை விட்டுப்போட்டு கொழும்புக்குப் போறன். அங்கையிருந்து எப்பிடியாவது உள்ளுக்குப் போயிடுவன்." "விசரே உனக்கு?" என்று கத்தினேன். "உங்கடை அப்பா எண்டால் நீங்கள் இருப்பியளே?" என்று கேட்டாய். நான் இருந்திருக்கமாட்டேன். அந்த வாரம் முழுவதும் பேருந்தை ஓட்டிக்கொண்டே யோசித்தேன். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் நீ சோதனைச் சாவடியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நான்காம் ஞாயிறு நீ கேட்குமுன் நானே சொன்னேன். "டேய், அப்பா எடுத்தவர்! நேற்றுத்தான். ஆரோ பாதிரியாரின்ரை போனிலை. சுகமாம். நீ ஒரு இடமும் அசையக்கூடாதாம். வேலையைப் பாக்கச் சொன்னவர்." மறுமுனையில் நீ அழுதாய். நான் யன்னலால் வெளியே பார்த்தேன். கீழே ஒரு பெண் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் பல்லில் கூசுகிறது.

ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீ அடுத்த ஞாயிறும் கேட்டாய், "பிறகும் எடுத்தவரே?" என்று. உன் குரலில் இருந்த பசிக்கு நான் சோறு போட்டேன். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னவர். தலைமயிரை ஒட்ட வெட்டச் சொன்னவர். கொடியில் காயப்போட்ட தன் சாரத்தைப் பக்கத்துக் கூடாரத்து ஆடு தின்றுவிட்டது என்று சொன்னவர். ஒன்றுக்கொன்று முரண்படக்கூடாதே என்று கோயில் கலண்டரின் பின்புறத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். சித்தி பார்த்துவிட்டாள். "ஏனப்பா உந்த விளையாட்டு? கொண்ணர் உயிரோடை இருக்கிறாரோ எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றாள். "இருக்கிறார்!" என்று கத்தினேன். "நேற்றும் என்னோடை கதைச்சவர்!" அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் என் பொய்யை நானே நம்பத் தொடங்கிவிட்டது தெரிந்தது. ஆனால் உனக்கு என்ன வந்தது? ஏழு சொல் பேசாத மனிதர் ஆட்டுக்கதை சொல்கிறாராம்; உனக்குச் சந்தேகமே வரவில்லையா? இருபத்தாறு வயது, மெல்பேர்ன்வரை போய்ப் படித்த பெரிய படிப்பு! நீ நம்ப விரும்பினாய். நான் அதைக் கண்டு வசதியாகப் புளுகினேன். இதில் யார் மேல் எனக்கு அதிகக் கோபம் என்று கேட்காதே.

இப்போது பெப்ரவரிக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ பிந்தி எடுத்தாய். குரல் கரகரத்தது. "தடிமலோ?" என்றேன். "இஞ்சை கொஞ்சம் புகை சித்தப்பா. வெக்கை." அவ்வளவுதான் சொன்னாய். நான் கலண்டரைப் பார்த்து, மூன்றாம் சேதியை எடுத்துவிட்டேன்: "குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகச் சொன்னவர் அப்பா." உன் ஊரில் அப்போது நாற்பத்தாறு பாகை வெயில் அடித்து ஓய்ந்திருந்தது. அப்பாவுக்கு வெளிநாடு என்றால் எல்லாம் குளிர்தான் என்று சமாளிக்கத் தயாராக இருந்தேன். நீ "ஓம் சித்தப்பா" என்றாய். ஒரு சிரிப்புக்கூட இல்லை. ஏனென்று இந்த டிசம்பரில்தான் தெரிந்தது, அதுவும் உன் அப்பா வாயால். அந்த ஞாயிறுக்கு முதல் நாள், நீ வேலை செய்த முதியோர் இல்லத்து மலை ஊரை நெருப்பு நெருங்கியபோது, சாரதி வந்துசேர முடியாமல், அந்தச் சின்னப் பேருந்தில் ஒன்பது கிழவர் கிழவிகளை ஏற்றிக்கொண்டு புகைக்குள்ளால் நீ ஓட்டிக்கொண்டு இறங்கினாயாம். பேருந்து! நீ! இருபது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவன் நான். பனிக்கட்டியில் தரிப்பிடத்திலிருந்து தரிப்பிடத்துக்கு நடனமாடிக்கொண்டு போகிறவன். குரோருட் கடைத்தொகுதிக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைகளில், வெறும் வாகனத் தரிப்பிடத்தில், சறுக்கும் பனியில் உனக்கு ஓட்டப் பழக்கியவன் யார்? "பிரேக்கை மிதியாதை, மிதியாதை எண்டு சொல்றன், காலைத் தூக்கடா!" என்று கத்தியே எனக்குத் தொண்டை போனது. என் பரம்பரையில் இன்னொருவன் உயிர்களை ஏற்றிக்கொண்டு பேருந்து ஓட்டியிருக்கிறான், அதை எனக்குச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை! உன் ஆண்டுக் கடிதத்தில்கூட நெருப்பைச் செய்தி வாசிப்பவர்போல எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். நான் பயப்படுவேன் என்று மறைத்தாயாம். நன்றாக இருக்கிறது நியாயம். நீ பயப்படுவாய் என்று நான் மறைத்தால் பொய். நான் பயப்படுவேன் என்று நீ மறைத்தால் பாசம்.

(பெரிய வாக்குமூலங்களோடு சின்னதும் ஒன்று வந்துவிடட்டும். அந்தத் தரிப்பிடத்தில் விளக்குக் கம்பத்தில் காரை மோதியது நான்தான், நீ அல்ல. சித்தி இதை மலரில் படிக்கும்போது நான் வேலையில் இருப்பேன்.)

மே மாதம். கடினமாக இருந்த மாதம். பதினேழாம் திகதி இந்த நாட்டுக்குத் தேசிய தினம். பிள்ளைகள் எல்லாம் புது உடுப்புப் போட்டு, கொடி பிடித்து, வாத்தியம் முழங்க ஊர்வலம் போவார்கள். பார்த்தால் யாருக்கும் கண் நிறையும். அந்த வருடம் கேட்கவே வேண்டாம். முதல் நாள்தான் நோர்வே ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்றிருந்தது. என் பேருந்து முழுக்கக் கொடியும் ஐஸ்கிறீமும் அந்தப் பாட்டும். ஏறுகிற ஒவ்வொருவரும் "நாள் வாழ்த்துகள்!" என்று என் கையைக் குலுக்கினார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் "நாள் வாழ்த்துகள்" என்று திருப்பிச் சொன்னேன். ஏப்ரல் முழுக்கப் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகை பிடித்து நின்று வெடித்துப்போன கை. அதைத்தான் குலுக்கினார்கள். அந்தச் சனத்தில் ஒருவர் மேலும் குறை சொல்ல முடியாது என்பதுதான் என் ஆத்திரத்தை இரண்டு மடங்காக்கியது. யாராவது ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் வண்டியை நிறுத்தி இறங்கி அடிபட்டிருப்பேன். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசித் தரிப்பிடத்தில் ஒரு சின்னப் பெண்பிள்ளை தன் கொடியை எனக்கே தந்துவிட்டு இறங்கினாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அன்று முழுக்கச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அடுத்த நாள் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்தது. எனக்குப் பின்னேரம் மூன்று மணி, உனக்கு இரவு பதினொன்று. நீ எடுத்தாய். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சித்தப்பா... அப்பா?" என்றாய். உண்மையைச் சொல்வதற்கு அந்த வருடத்தில் ஒரு நாள் இருந்தது என்றால் அது அந்த நாள். எனக்கு ஒன்றும் தெரியாது. அண்ணர் உயிரோடு இருக்கிறாரா, மணலுக்குள் இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. வாயைத் திறந்தேன். "எடுத்தவர் மோனை. காலமை எடுத்தவர். வெளியிலை வந்திட்டாராம். சிரிச்சவரடா. நல்லாச் சிரிச்சவர்." நீ ஒரு பெருமூச்சு விட்டாய். நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். செத்துப்போயிருக்கக்கூடிய ஒரு மனிதரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு நீ சொன்னாய்: "அண்டைக்குத்தான் சித்தப்பா நாலு மாதத்துக்குப் பிறகு நல்லா நித்திரை கொண்டனான். விடிய வேலைக்குப் பிந்திப்போனன்." அதற்குப் பிறகு நான் எப்படியடா வாயைத் திறப்பேன்?

ஜூலையில்தான் ஒருவர் அண்ணரை அகதி முகாமில் கண்டதாகச் சொன்னார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போது ஆள் உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷத்தில், பழைய புளுகெல்லாம் உண்மையாகிவிட்டதுபோல ஒரு மிதப்பு. இன்னும் இரண்டு சேதி விட்டேன். இதுதான் என் பிழைகளிலேயே அசிங்கமான பிழை. முதலாவது பொய் உன்னைக் காப்பாற்றச் சொன்னது. கடைசி இரண்டும் எனக்குப் பழக்கமாகிவிட்டதால் சொன்னவை. ஒக்டோபர் கடைசியில் அண்ணர் முகாமைவிட்டு வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக உனக்கு எடுத்தார். அவர் சொன்னபடி ஓர் இடமும் அசையாமல் இருந்தேன் என்று நீ நன்றி சொல்லியிருக்கிறாய். "நான் ஆரோடையும் கதைக்கேல்லையே" என்றிருக்கிறார் அவர். மூன்று சொல், அவருக்கு அது அளவாக இருந்திருக்கும். நீ உடனே எனக்கு எடுத்தாய். ஏசப்போகிறாய் என்று நினைத்தேன். நீ ஒரே ஒரு வசனம்தான் சொன்னாய். "சித்தப்பா, மே பதினெட்டாம் திகதி அப்பா சிரிச்சவர் எண்டு சொன்னியள்." வைத்துவிட்டாய். அதோடு இரண்டு மாதம்.

டேய், உனக்கு இத்தனை வருடத்தில் நான் சொன்ன புத்திமதியெல்லாம் குப்பை. இதை மட்டும் கேள். கோபம் வந்தால் ஏசு. கதவை அடி. கோப்பையை உடை, நான் வாங்கித் தருகிறேன். வாய் மூடிக்கொண்டு மரியாதையாக இருப்பதை நீ இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாய். எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது. எங்கள் வீட்டில் சத்தம் நின்றால் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம். நீ கத்தினால் நான் திருப்பிக் கத்துவேன், சித்தி இரண்டு பேருக்கும் கத்துவாள், பிறகு சாப்பிடலாம். நீ கத்தாததால் நான் இங்கே ஒருவனாகவே இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கோபமும் என்னிடம்தான் இருக்கிறது. வந்து உன்னுடையதை எடுத்துக்கொண்டு போ.

உன் ஆண்டுக் கடிதம் வந்த மறுநாள் நான் அண்ணருக்கு எடுத்தேன். என் பெயர் இல்லை என்று முறையிட எடுத்தேன். அவர்தான் உன் பேருந்துக் கதையைச் சொன்னார். "உவன் நெருப்புக்குள்ளாலை பஸ் ஓடினவனாமடா." நான் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு கேட்டார்: "நான் சொன்னதெண்டு நீ என்னவெல்லாம் சொன்னனீ? வாசி." கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, திருப்பிப் பிடித்து, ஒவ்வொன்றாக வாசித்தேன். "ஆடோ? என்னட்டை எங்கையடா ஆடு?" என்றார். "பக்கத்துக் கூடாரத்து ஆடு, அண்ணை." "ம். வாசி." நடுவில் ஒருமுறை, "நான் இவ்வளவும் கதைச்சனானோ? நல்லாத்தான் கதைச்சிருக்கிறன்" என்றார். அந்தக் குரலில் கோபத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. மே பதினெட்டுக்கு வந்ததும் வாசிக்க முடியாமல் நின்றேன். "வாசியடா." வாசித்தேன். பின்னால் யாரோ வாளியில் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது. "அண்டைக்கு நான் சிரிக்கேல்லைத் தம்பி," என்றார். "தெரியும் அண்ணை." "அதைக் கேட்டிட்டுப் பெடி நித்திரை கொண்டவனோ?" "ஓம் அண்ணை. விடியும்வரைக்கும் கொண்டவன்."

"அப்ப நான் சிரிச்சனான் எண்டே இருக்கட்டும். எல்லாம் நான் சொன்னதுதான் எண்டு அவனிட்டைச் சொல்லு. காதை மூடச் சொன்னதை மட்டும் எடுத்துப்போடு. அவன் வெக்கைக்குள்ளை இருக்கிறான்."

இது பன்னிரண்டாவது சேதி. இதில் என் சொல் ஒன்றும் இல்லை. ஏழு சொல்லுக்கு மேல் இருப்பதால் நீ நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவின் இலக்கம் உன்னிடம் இருக்கிறது. எடுத்து அவரிடமே கேள். கேட்டபிறகு எனக்கு எடுத்து ஏசு. நான் ஞாயிற்றுக்கிழமை வேலை மாற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் புளுகுச் சித்தப்பன்